போஸ்ட்கிரெஸில் தமிழ்த் தரவு: அகரவரிசையும் தேடலும் பிழையாமல் அமைக்கும் முறை

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தில் தமிழ்ப் பெயர்களைப் போட்டு வரிசைப்படுத்தினால் 'மனம்' என்பது 'மரம்' என்பதற்கு முன்னால் வந்து நிற்கும். கண்ணெதிரே இருக்கும் 'கொடி' தேடலில் அகப்படாது. இருபது எழுத்து இடம் கொடுத்த பெயர்ப் புலம் பதினைந்து எழுத்துப் பெயரை ஏற்க மறுக்கும். இவை பெரும்பாலும் போஸ்ட்கிரெஸின் பிழைகள் அல்ல. தரவுத்தளத்தை உருவாக்கிய முதல் ஐந்து நிமிடத்தில் எடுத்த, அல்லது எடுக்காமல் விட்ட முடிவுகளின் விளைவு. உள்ளே லட்சம் வரிகள் ஏறிய பிறகு அவற்றை மாற்றுவது கடினம். ஆகவே முதலிலிருந்தே தொடங்குவோம்.

கட்டளைகளையும் சார்புகளையும் இங்கே ஒலிப்பின்படி எழுதியிருக்கிறது. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். ஒருங்குறி எழுத்துகளைப் பதின்ம எண்ணால் குறித்திருக்கிறது. போஸ்ட்கிரெஸின் சிஹெச்ஆர் சார்பு அந்த எண்ணை அப்படியே ஏற்கும் என்பதால் நகலெடுத்து ஒட்டும் தொல்லை இல்லை.

தரவுத்தளத்தை உருவாக்கும்போது

எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறிமுறை எது என்று அறிய முதலில் 'ஷோ சர்வர்_என்கோடிங்' என்று கேளுங்கள். யுடிஎஃப்8 என்று வந்தால் மேலே போகலாம். எஸ்கியூஎல்_ஆஸ்கி என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சர்வரை முதன்முதலில் அமைத்தபோது இயங்குதளத்தின் மொழியமைப்பு வெறும் 'சி' என்று இருந்தால் அமைப்பு நிரலான இன்ட்டிபி இந்தக் குறிமுறையைத்தான் தேர்கிறது. இதில் போஸ்ட்கிரெஸ் எதையும் சரிபார்க்காது, பைட்டுகளை வாங்கிப் பைட்டுகளைக் கொடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 15 என்று வந்தால் நீங்கள் இந்தக் குழியில் இருக்கிறீர்கள் என்று பொருள். யுடிஎஃப்8 தளத்தில் அதே கேள்விக்கு விடை 5.

புதுத் தளத்தை டெம்ப்ளேட்0 என்ற வார்ப்பிலிருந்தே உருவாக்குங்கள். டெம்ப்ளேட்1-இலிருந்து உருவாக்கினால் குறிமுறையையோ மொழியமைப்பையோ மாற்ற அனுமதி கிடைக்காது. குறிமுறை யுடிஎஃப்8. அடுத்து வருவது கொலேஷன் வழங்குநர், அதாவது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதிகள் (கொலேஷன்) எங்கிருந்து வருகின்றன என்பது. முக்கியமான தேர்வு இதுதான். மூன்று வழிகள் உண்டு. முதலாவது லிப்சி, அதாவது இயங்குதளத்தின் வரிசை விதிகள். இரண்டாவது ஐசியூ, அதாவது பல மொழிகளின் வரிசை விதிகளைத் தரும் ஒருங்குறி நிரலகம். இது 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பில் வந்தது. தளம் முழுமைக்கும் இயல்பாக வைக்கும் வசதி 2022-இன் 15-ஆம் பதிப்பில் கிடைத்தது. மூன்றாவது 2024-இன் 17-ஆம் பதிப்பில் வந்த பில்ட்டின் வழங்குநர்.

எங்கள் பரிந்துரை: 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் தளத்தின் இயல்பு வழங்குநராகப் பில்ட்டினையும் அதன் மொழியமைப்பாக 'சி.யுடிஎஃப்-8'-ஐயும் வையுங்கள். அது வெறும் குறியெண் வரிசை, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒருங்குறி கொடுத்த எண்ணின் வரிசை. தமிழ் அகரவரிசை அன்று. ஆனால் இயங்குதளம் மாறினாலும் அது மாறாது, வேகமானது, முதன்மைச் சாவிகளுக்கும் உள்ளிணைப்புகளுக்கும் (இன்டெக்ஸ்) அதுவே போதும். தமிழ் வரிசை வேண்டிய நெடுவரிசைகளுக்கு மட்டும் ஐசியூ கொலேஷனைத் தனியே கொடுங்கள். தளம் முழுவதையும் தமிழ் வரிசையில் வைத்தால் ஆர்டர் எண், மின்னஞ்சல், கோப்புப் பாதை என்று எல்லாமே அந்த விதியின் சுமையைத் தூக்க வேண்டியிருக்கும். அதனால் ஒரு பயனும் இல்லை.

ஒரு நுணுக்கம். பில்ட்டின் வழங்குநரைத் தேர்ந்தாலும் எது எழுத்து, எது அல்ல என்று முடிவு செய்யும் எல்சி_சிடைப் என்ற அமைப்பு தனியே இருக்கும். அதை 'சி' என்று விட்டுவிடாமல் ஒரு யுடிஎஃப்-8 மொழியமைப்பாக வையுங்கள். காரணம் தேடல் பகுதியில் வரும்.

விண்டோஸில் பிஎஸ்கியூஎல் என்ற கட்டளைவரிக் கருவி வழியாகத் தமிழைத் தட்டினால், குறிமுறை வின்1252-இல் இணையான எழுத்து இல்லை என்ற பிழை அடிக்கடி வரும். முனையத்தில் 'சிஹெச்சிபி 65001' என்று கொடுத்து, பிறகு கிளையன்ட்_என்கோடிங்கை யுடிஎஃப்8 ஆக்குங்கள். பழைய தமிழ்க் குறிமுறையான டிஸ்கியில் உள்ள கோப்புகளைப் போஸ்ட்கிரெஸ் நேரடியாகப் படிக்காது. அதன் குறிமுறைப் பட்டியலில் டிஸ்கி இல்லை. வெளியே ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

எழுத்து எண்ணிக்கை

போஸ்ட்கிரெஸ் எண்ணுவது குறியெண்களை. நாம் எண்ணுவது எழுத்துகளை. 'சுப்பிரமணியன்' நமக்கு எட்டு எழுத்து. கேர்_லெங்த் 13 என்று சொல்லும், ஆக்டெட்_லெங்த் 39 என்று சொல்லும். தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டு. வார்கேர் 20 என்றால் இருபது குறியெண், அவ்வளவே. ஆங்கிலப் பெயருக்காக வடிவமைத்த அட்டவணையில் தமிழ்ப் பெயர் முட்டி நிற்பது இதனால்தான்.

வார்கேரை விட்டுவிட்டு டெக்ஸ்ட் வகையைப் பயன்படுத்துங்கள்; வேகத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. நீள வரம்பு தேவை என்றால் செக் கட்டுப்பாடாக எழுதலாம். அதற்கு ரெஜெக்ஸ்ப்_ரீப்ளேஸ் கொண்டு 3006 முதல் 3021 வரையுள்ள குறிகளையும் 3031-ஐயும் எல்லா இடங்களிலும் என்று சொல்லும் 'ஜி' கொடியுடன் முழுவதுமாக நீக்கிவிட்டு, எஞ்சியதன் நீளத்தைப் பாருங்கள். துணைக்கால் முதல் புள்ளி வரை எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கும். 'தமிழ்' என்பது 'தமழ' ஆகி 3 என்ற சரியான விடை வரும். கொடியை மறந்தால் முதல் குறி மட்டும் நீங்கி 4 வரும்.

பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பாகக் காட்ட லெஃப்ட் சார்பைப் பயன்படுத்தினால் 'கொடி'க்கு 'க' மட்டும் வரும். உயிர்மெய் முழுதாக வேண்டுமென்றால், ஏதேனும் ஒரு குறியெண்ணும் அதைத் தொடரும் மேற்சொன்ன குறிகளும் என்ற வடிவத்தைச் சப்ஸ்ட்ரிங்குக்குக் கொடுங்கள். ரிவர்ஸ் சார்பைத் தமிழில் தொடவே வேண்டாம், குறிகள் இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்.

அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், மேற்கோள் குறிகூடத் தேவையில்லை. ஆனால் பெயரின் உச்ச வரம்பு 63 பைட்டு, அதாவது 21 தமிழ்க் குறியெண். 'மாணவர்_விண்ணப்ப_விவரங்கள்' 71 பைட்டு. போஸ்ட்கிரெஸ் ஓர் அறிவிப்பை மட்டும் காட்டிவிட்டு 'மாணவர்_விண்ணப்ப_விவரங்' என்று வெட்டி உருவாக்கிவிடும். பிழை வராது என்பதுதான் இதில் ஆபத்து. முதல் 63 பைட்டும் ஒன்றாக உள்ள இரு பெயர்கள் மோதும்போதுதான் இது தெரியவரும்.

இயல்பு வகையான பி-ட்ரீ உள்ளிணைப்பில் ஒரு வரியின் உச்சம் 2704 பைட்டு. அழுத்தம் செய்யாத தமிழ் உரையில் அது சுமார் 900 குறியெண். ஆகவே கட்டுரைத் தலைப்புக்கு உள்ளிணைப்பு போடுங்கள், கட்டுரைக்குப் போடாதீர்கள்.

ஒரே தோற்றம், வேறு பைட்டுகள்

'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு 3018 என்ற ஒற்றைக் குறி ஒரு விதம். ககரத்தோடு ஒற்றைக்கொம்பு 3014, துணைக்கால் 3006 என இரண்டு குறிகள் மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுதான். போஸ்ட்கிரெஸுக்கு இரண்டும் வேறு. பழைய விசைப்பலகைகளும் எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது விதத்தைத் தரும். 'கோ', 'கௌ' இரண்டுக்கும் இதே சிக்கல் உண்டு.

2020-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் இருவித வடிவத்தையும் ஒன்றாக்கும் நார்மலைஸ் என்ற சார்பும் 'இஸ் நார்மலைஸ்டு' என்ற சோதனையும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். உள்ளிடும் முன்பு ஓடும் ட்ரிகர் ஒன்றில் நார்மலைஸ் செய்துவிடுங்கள். நெடுவரிசையில் 'இஸ் நார்மலைஸ்டு' என்று செக் கட்டுப்பாடு வையுங்கள். ட்ரிகரை யாரோ ஒரு நாள் மொத்த ஏற்றத்துக்காக அணைப்பார்கள். அன்று காப்பது கட்டுப்பாடுதான். தேடும் சொல்லையும் வினவலில் நார்மலைஸ் செய்ய மறக்கக் கூடாது.

நார்மலைஸ் செய்யாதவையும் உண்டு. 'ஸ்ரீ' என்பதை ஸகரம் 3000-இலும் ஶகரம் 2998-இலும் எழுதலாம். பல எழுத்துருக்களில் தோற்றம் ஒன்றே, ஆனால் ஒருங்குறியின் கணக்கில் இரண்டும் வேறு சொற்கள். தேடலுக்கென்று தனி நெடுவரிசையில் வைக்கும் நகலில் ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ளுங்கள். ஔகாரம் இன்னும் தொல்லை. 'மௌனம்' என்பதற்கு ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'மெளனம்' என்று தட்டியவர்கள் ஏராளம். 'ெள' எங்கே வந்தாலும் 'ௌ' ஆக்கு என்று கட்டளை கொடுத்தால் வெள்ளம் பாழாகும், தெளிவும் பாழாகும். 'ஒள' எல்லாம் 'ஔ' என்றால் ஔவை சரியாவாள், ஒளி கெடும். மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம், ஔவை என்று சொற்பட்டியல் வைத்துத் திருத்துவதுதான் வழி. குறுக்குவழி கிடையாது.

இணையத்திலிருந்து ஒட்டிய உரையில் அகலமற்ற இடைவெளி 8203-உம் கோப்புத் தொடக்கக் குறி 65279-உம் ஒளிந்திருக்கும். இரண்டையும் தயங்காமல் நீக்கலாம். 8204-ஐ மட்டும் மூல உரையில் விட்டுவையுங்கள். 'க்ஷ' என்ற கூட்டெழுத்தாகச் சேராமல் ககர மெய்யையும் ஷகரத்தையும் பிரித்து எழுத அது தேவைப்படும். தேடல் நகலில் நீக்கினால் போதும்.

அகரவரிசை

ஒருங்குறி அட்டவணை நம் நெடுங்கணக்கைப் பின்பற்றவில்லை. அதில் நகரத்துக்கு அடுத்து னகரம், ரகரத்துக்கு அடுத்து றகரம், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே ஜகரம். புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் 3021-இல் இருக்கிறது. அதனால் 'க்' வரவேண்டிய இடம் தலைகீழாகிறது.

இந்த எட்டுச் சொற்களை ஓர் அட்டவணையில் போட்டுச் சோதியுங்கள். அகராதிப்படி வரவேண்டிய வரிசை: மக்கள், மகள், மஞ்சள், மரம், மலை, மழை, மறம், மனம். குறியெண்படி வருவது: மகள், மக்கள், மஞ்சள், மனம், மரம், மறம், மலை, மழை. எட்டில் மஞ்சள் மட்டுமே இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கிறது.

திருத்தம் எளிது. பெயர் நெடுவரிசைக்கு ஐசியூவின் தமிழ்க் கொலேஷனைக் கொடுங்கள். அதன் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில் டி, ஏ, சிறுகோடு, எக்ஸ், சிறுகோடு, ஐ, சி, யு. நடுவில் சிறுகோடு இருப்பதால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதாவிட்டால் தொடரியல் பிழை வரும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாட்டுக் குறியோடும் கொலேஷன்கள் இருக்கும். நாட்டுக் குறி இல்லாததே போதும். ஏதும் இல்லை என்றால் உங்கள் போஸ்ட்கிரெஸ் ஐசியூ இல்லாமல் தொகுக்கப்பட்டிருக்கிறது.

எட்டுச் சொற்களும் இப்போது எப்படி வருகின்றன என்று பாருங்கள். மரம், மலை, மழை, மறம், மனம் சரியாக நின்றும் மக்கள் மகளுக்குப் பின்னால் வந்தால், மெய் முன்னே உயிர்மெய் பின்னே என்ற விதி உங்கள் ஐசியூவில் செயல்படவில்லை. 2023-இன் 16-ஆம் பதிப்பு முதல் கொலேஷன் உருவாக்கும்போது ரூல்ஸ் என்ற பண்பில் சொந்த விதி சேர்க்கலாம். உம்மைக்குறி (&), சதுர அடைப்புக்குள் 'பிஃபோர் 1', பிறகு 'க', 'சிறியது' என்று காட்டும் குறி (<), 'க்'. ககரத்துக்கு முன்னால் ககர மெய்யை முதல்நிலை வேறுபாட்டோடு வை என்பது இதன் பொருள். பதினெட்டு மெய்க்கும் கிரந்த மெய்களுக்கும் இதேபோல் எழுதுங்கள்.

உள்ளிணைப்பின் கொலேஷனும் வினவலின் கொலேஷனும் ஒன்றாக இல்லாவிட்டால் வரிசைப்படுத்த உள்ளிணைப்பு பயன்படாது. வினவல் எப்படி ஓடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் விடையில் சார்ட் என்ற படி தெரியும். 'கொ' என்று தொடங்கும் பெயர்களை லைக் கொண்டு தேடுவதற்கு டெக்ஸ்ட்_பேட்டர்ன்_ஆப்ஸ் உடைய தனி உள்ளிணைப்பு வேண்டும். ஐசியூ வரிசையிலான உள்ளிணைப்பு அதற்கு உதவாது.

12-ஆம் பதிப்பில் வந்த நான்டிட்டர்மினிஸ்டிக் கொலேஷன் இருவித 'கொ'வையும் சமமாகவே கருதும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 18-ஆம் பதிப்பு வரும்வரை அதில் லைக் வேலை செய்யவில்லை, ஒப்பீடும் மெதுவானது. உள்ளே வரும்போதே நார்மலைஸ் செய்துவிட்டால் இது தேவைப்படாது.

இயங்குதளம் மாறும் நாள்

லிப்சி கொலேஷனில் ஓடும் பழைய தளங்களுக்கு இதுவே பெரிய கண்ணி. லினக்ஸின் லிப்சியான ஜிலிப்சியின் 2018-இல் வந்த 2.28 பதிப்பு வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. டெபியன் 10-உம் ரெட்ஹேட் 8-உம் அந்தப் பதிப்போடு வந்தன. அதற்கு முந்தைய இயங்குதளத்தில் கட்டிய பி-ட்ரீ, புதிய விதிப்படி தப்பான வரிசையில் இருக்கும். தரவு அழியாது, ஆனால் இருக்கும் வரி தேடலில் அகப்படாது. யூனிக் நெடுவரிசையில் ஒரே பெயர் இரண்டு முறை ஏறும். பழைய இயங்குதளத்து முதன்மைச் சர்வரிலிருந்து (பிரைமரி) புதிய இயங்குதளத்து மாற்றுச் சர்வருக்கு (ஸ்டேண்ட்பை) நேரடி நகல் ஓடினாலும் இதே கதிதான்.

ஐசியூவுக்கும் பதிப்பு மாற்றம் உண்டு. ஆனால் போஸ்ட்கிரெஸ் கொலேஷனின் பதிப்பைக் குறித்துவைத்து, மாறினால் எச்சரிக்கும். எச்சரிக்கை வந்ததும் பலர் 'ரிஃப்ரெஷ் வெர்ஷன்' கட்டளையைக் கொடுத்து அதை அணைத்துவிடுகிறார்கள். அது எண்ணை மட்டும் புதுப்பிக்கிறது, உள்ளிணைப்பைத் தொடுவதில்லை. முதலில் உள்ளிணைப்பைச் சரிபார்க்கும் ஆம்செக் நீட்சியை நிறுவி, பிடி_இன்டெக்ஸ்_செக் சார்பை ஹீப்ஆல்இன்டெக்ஸ்டு மெய் என்று வைத்து ஓட்டுங்கள். பழுது தெரிந்தால் ரீஇன்டெக்ஸ், அதாவது உள்ளிணைப்பை மீண்டும் கட்டுதல். 12-ஆம் பதிப்பு முதல் கன்கரன்ட்லி என்று சேர்த்தால் எழுதுவதைத் தடுக்காமல் நடக்கும். யூனிக் உள்ளிணைப்பில் இரட்டை வரிகள் ஏறியிருந்தால் ரீஇன்டெக்ஸ் பிழையோடு நிற்கும், முதலில் அவற்றைக் களைய வேண்டும். ரிஃப்ரெஷ் வெர்ஷன் கடைசிப் படி.

சொல் தேடல்

2019-இன் 12-ஆம் பதிப்பில் அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லிதுவேனியம், நேபாளி ஆகியவற்றோடு தமிழுக்கும், சொல்லின் விகுதியைச் சீவி வேரைத் தரும் ஸ்னோபால் வேர்ச்சொல் நிரல் வந்தது. உரையைத் தேடத்தக்க சொற்பட்டியலாக்கும் டு_டிஎஸ்வெக்டருக்கு 'தமிழ்' என்பதன் ஆங்கிலப் பெயரை முதல் உள்ளீடாகக் கொடுங்கள். இரண்டு உள்ளீடு கொடுத்தால்தான் தானே கணக்கிட்டுச் சேமிக்கும் ஸ்டோர்டு ஜெனரேட்டட் நெடுவரிசையில் வைக்க முடியும். ஒற்றை உள்ளீட்டு வடிவம் அமைப்பைப் பொறுத்து மாறும் என்பதால் ஏற்கப்படாது. அந்த நெடுவரிசையின் மேல் சொல் தேடலுக்கான ஜின் வகை உள்ளிணைப்பு. வினவும்போதும் அதே தமிழ் அமைப்போடு வெப்சர்ச்_டு_டிஎஸ்குவெரி.

தேடலில் ஒதுக்க வேண்டிய நிறுத்தச் சொற்களின் பட்டியல் தமிழுக்கு உடன் வருவதில்லை. ஒரு, அந்த, இந்த, என்று, ஆனால் போன்றவற்றை வரிக்கு ஒன்றாக யுடிஎஃப்-8 கோப்பில் எழுதி, பிஜி_கான்ஃபிக் காட்டும் ஷேர் அடைவுக்குள் டிசர்ச்_டேட்டாவில் 'ஸ்டாப்' என்ற பின்னொட்டோடு வையுங்கள். பிறகு ஸ்னோபால் வார்ப்பில் புதிய அகராதி ஒன்றை அந்தப் பட்டியலோடு உருவாக்கி, தமிழ் அமைப்பின் நகலில் பொருத்துங்கள். மூல அமைப்பை மாற்றாதீர்கள். ஆங்கிலச் சொல் கலந்த உரை என்றால் அதே நகலில் ஆஸ்கிவேர்டு வகைக்கு ஆங்கில வேர்ச்சொல் அகராதியைக் கொடுங்கள். நிர்வகிக்கப்படும் கிளவுட் சேவைகளில் கோப்பு வைக்க இடம் தராவிட்டால் நிறுத்தச் சொல் இல்லாமலே ஓட்டலாம். உள்ளிணைப்பு கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

வேர்ச்சொல் நிரல் வேற்றுமை உருபுகளையும் பன்மையையும் சீவும். சில சமயம் அளவுக்கு மீறிச் சீவும், சில சமயம் விட்டுவிடும். உங்கள் துறையின் நூறு சொற்களை டிஎஸ்_லெக்ஸைஸ் வழியாக ஓட்டி, 'வீடு', 'வீட்டில்', 'வீடுகளுக்கு' மூன்றும் ஓரிடத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேராதவற்றுக்கு ஒத்தசொல் அகராதி வையுங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர் நெடுவரிசைகளுக்கு வேர்ச்சொல்லே வேண்டாம், வேரைச் சீவாத சிம்பிள் அமைப்பு நல்லது.

எல்சி_சிடைப் இங்கேதான் கணக்குக்கு வருகிறது. அது 'சி' என்றிருந்தால் தேடலின் சொற்பிரிப்பான் ஆஸ்கிக்கு வெளியே உள்ள எல்லாவற்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். வளைந்த மேற்கோள் குறியும் நீண்ட கோடும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு, அந்தச் சொல் தேடலில் காணாமல் போகும். சொற்களை மூன்று மூன்று எழுத்தாக ஒப்பிடும் பிஜி_டிஆர்ஜிஎம் நீட்சியில் நேர்மாறு: தமிழ் எதுவுமே எழுத்தாகக் கருதப்படாமல் மூவெழுத்துப் பட்டியல் காலியாகும். ஷோ_டிஆர்ஜிஎம் கொண்டு 'தமிழ்நாடு' என்பதைச் சோதியுங்கள். விடை காலியாக இருந்தாலோ, புள்ளி வந்த இடத்தில் சொல் இரண்டாக உடைந்திருந்தாலோ பொருத்த மதிப்பெண்களை நம்பி எதையும் கட்டாதீர்கள். சொற்பிரிப்பானின் மூலநிரலில் இந்திய மொழிகளின் உயிர்க்குறிகளுக்கென்றே ஓர் அட்டவணை இருக்கிறது, தமிழ்க் குறிகள் அதில் உள்ளன. சொற்பிரிப்பைக் காட்டும் டிஎஸ்_டீபக் விடையில் சொற்கள் முழுதாக வருவது அதனால்தான்.

2025-இன் 18-ஆம் பதிப்பில் முழுஉரைத் தேடல், லிப்சிக்குப் பதிலாகத் தளத்தின் இயல்பு வழங்குநரையே பின்பற்றத் தொடங்கியது. ஐசியூ அல்லது பில்ட்டின் தளத்தைப் பிஜி_அப்கிரேட் வழியாக அதற்கு ஏற்றினால், தேடலோடும் டிஆர்ஜிஎம்மோடும் தொடர்புள்ள உள்ளிணைப்புகளை மீண்டும் கட்ட வேண்டும். பெரும்பதிப்பு மாறும்போது ஸ்னோபால் நிரலும் மாறியிருக்கலாம். சேமித்த டிஎஸ்வெக்டர் தானாகப் புதுப்படாது. அந்த நெடுவரிசையை நீக்கிவிட்டு மீண்டும் சேர்ப்பது பாதுகாப்பு.

பிழை கண்டால் எங்கே சொல்வது

இதில் பலர் தவறான கதவைத் தட்டுகிறார்கள். வேர்ச்சொல் தவறு என்றால் ஸ்னோபால் திட்டத்தில் திருத்த வேண்டும். போஸ்ட்கிரெஸ் அங்கிருந்துதான் அவ்வப்போது எடுத்துக்கொள்கிறது. தமிழ் வரிசை தவறு என்றால் ஒருங்குறிக் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் என்ற மொழித் தரவில் திருத்த வேண்டும், ஐசியூ அதைத்தான் படிக்கிறது. சொற்பிரிப்பான், நார்மலைஸ், டிஆர்ஜிஎம் ஆகியவை மட்டுமே போஸ்ட்கிரெஸின் சொந்த வேலை.

போஸ்ட்கிரெஸுக்கு அனுப்பும் திருத்தங்கள், அவற்றை ஆய்வு செய்யும் சுற்றான கமிட்ஃபெஸ்ட் வழியாகப் போகும். ஆண்டுக்கு ஐந்து: ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச். ஒரு திருத்தம் அனுப்பினால் பிறருடைய ஒன்றைப் பார்த்துக்கொடுப்பது அங்கே வழக்கம். மார்ச் சுற்று முடிந்ததும் ஏப்ரலில் புது வசதிகளுக்குக் கதவு மூடும், பிறகு பீட்டா, செப்டம்பர் வாக்கில் வெளியீடு. பீட்டா வந்ததும் உங்கள் தமிழ்த் தரவின் நகலை ஏற்றி, மேலே சொன்ன எட்டுச் சொல்லையும் டிஎஸ்_டீபக்கையும் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கட்டத்தில் சொல்லும் பிழைதான் அதே பதிப்பில் திருந்த வாய்ப்புள்ளது.

அறிக்கையில் வெர்ஷன் சார்பின் முழு விடை, இயங்குதளப் பெயரும் பதிப்பும், தளத்தின் வழங்குநர், எல்சி_சிடைப், ஐசியூ பதிப்பு ஆகியவை இருக்கட்டும். சொற்கள் மூன்று போதும், முந்நூறு வேண்டாம். ஒவ்வொன்றையும் எழுத்தாக மட்டும் ஒட்டாமல், கன்வர்ட்_டு வழியாக யுடிஎஃப்8 பைட்டுகளாக்கி, என்கோடு சார்பில் ஹெக்ஸ் (பதினாறின்ம) வடிவமாகவும் தாருங்கள். அஞ்சல் மென்பொருள் வழியில் 'கொ'வை ஒரு விதத்திலிருந்து மற்றொரு விதத்துக்கு மாற்றிவிட்டால், படிப்பவரின் கணினியில் உங்கள் பிழை வெளிப்படாமலே போகும். எதிர்பார்த்த வரிசையையும் கிடைத்த வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரியாதவரும் ஹெக்ஸை ஒப்பிட்டுப் பிழையைப் பிடித்துவிடுவார்.